தெற்குத் தீவு போதும்: கேரவனில் நியூசிலாந்து போகும் இருவருக்கு

நீங்கள் கேட்டது இது: பிப்ரவரி நடுவிலிருந்து 21 நாள், நீங்களும் மனைவியும் மட்டும், கேரவன் எடுத்துக்கொண்டு நியூசிலாந்தின் இரண்டு தீவுகளையும் சுற்ற வேண்டும். என்ன வண்டி எடுப்பது, எந்த வழியாகப் போவது, ராத்திரி எங்கே நிறுத்துவது? கடைசியாக, உங்கள் மனைவி கேட்கச் சொன்ன கேள்வி: அந்தச் சின்ன இடத்தில் மூன்று வாரம் இரண்டு பேர் முகம் சுளிக்காமல் இருக்க முடியுமா?

நானும் கணவரும் மூன்று தடவை இப்படிப் போயிருக்கிறோம். முதல் தடவை நீங்கள் நினைப்பதுபோலவே இரண்டு தீவையும் ஒரே மூச்சில் பார்க்கக் கிளம்பினோம். ஊர் திரும்பியபின் கண்ணை மூடினால் தார்ச்சாலைதான் வந்தது. அதனால் முதல் பதிலைத் தயங்காமல் சொல்கிறேன். வடக்குத் தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் வரைக்கும் 640 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து குக் நீரிணையைக் கடந்து பிக்டனுக்கு வண்டியோடு கப்பலில் மூன்றரை மணி நேரம். முன்னாடியே போய் வரிசையில் நிற்பது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் ஒரு பகல் போய்விடும். ரோட்டோருவாவின் கொதிக்கும் சேறும், டொங்கரிரோவின் எரிமலைகளும், வடகோடியின் கவ்ரி மரக்காடுகளும் தனியாக மூன்று வாரம் கேட்கக்கூடியவை. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி அங்கேயே வண்டி எடுத்து, தெற்குத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி, அங்கேயே ஒப்படையுங்கள். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் கேட்கும் கூடுதல் கட்டணமும் மிச்சம்.

வழியைச் சொல்வதற்குமுன் அந்தத் தீவு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும். இது பிடிபட்டால் மற்ற முடிவெல்லாம் தானாக வரும்.

தெற்குத் தீவின் மேற்கு ஓரமாக சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடர் நீளவாக்கில் ஓடுகிறது. பூமியின் மேலோட்டிலுள்ள பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் ஒன்றையொன்று நெருக்குவதால் எழும்பிய மலை, இன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தச் சுவரில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, இருக்கிற தண்ணீரையெல்லாம் மேற்குப் பக்கமே கொட்டிவிடும். மலையைத் தாண்டி வரும்போது அதில் ஈரமே இருக்காது. மேற்குக் கரையில் கடல் மலைகளுக்குள் நுழையும் மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை. மலைக்குக் கிழக்கே மத்திய ஒட்டாகோ பகுதியின் அலெக்சாண்ட்ரா ஊரில் 400 மி.மீ.கூட இல்லை. இரண்டு இடத்துக்கும் நடுவே நேர்கோட்டில் 150 கி.மீ.கூடக் கிடையாது. மழைக்காடு, பனியாறு, பழுப்புப் புல் மூடிய மொட்டைக் குன்றுகள், பால் கலந்த நீலத்தில் ஏரிகள், இத்தனையும் ஒரே நாளின் ஓட்டத்துக்குள் வருவதற்குக் காரணம் இந்த ஒற்றைச் சுவர்தான்.

ஆகவே நாள்வாரியாகத் திட்டம் போடாதீர்கள். மலைக்குக் கிழக்கே இத்தனை நாள், மேற்கே இத்தனை நாள் என்று போடுங்கள். நடுவில் நான்கு நாளை எதற்கும் எழுதாமல் விடுங்கள். ஹோட்டல் பதிவு செய்து காரில் போகிறவர்கள் மழையோ வெயிலோ அன்றைக்கு அந்த ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். உங்களுக்கு வீடு கூடவே வருகிறது. காத்திருக்கலாம், திரும்பலாம், முன்னால் போகலாம். நியூசிலாந்தில் கேரவனுக்குக் கொடுக்கிற பணம் இந்த ஒன்றுக்காகத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு 21 ராத்திரிக்கும் இடத்தை முன்பதிவு செய்துகொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. தினமும் காலையில் மெட்சர்வீஸ் வானிலை அறிக்கையைப் பாருங்கள். கிறைஸ்ட்சர்ச்சைச் சுற்றிய கான்டர்பரி சமவெளியில் நிற்கும்போது மேற்கே மலைமேல் மேகம் வில்போல வளைந்து, அதன் அடியில் மட்டும் வெளிர்நீல வானம் தெரிந்தால், வடமேல்காற்று அடிக்கிறது என்று அர்த்தம். உங்கள் பக்கம் அனல் காற்று; அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம் அடைமழை. அன்றைக்கு மேற்கே கிளம்ப வேண்டாம்.

இப்போது வண்டி. நாம் எல்லாவற்றையும் கேரவன் என்றே சொல்லிவிடுகிறோம். அங்கே கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுப்பது மட்டும்தான். எஞ்சினோடு இருப்பது கேம்பர்வேன், அதில் பெரியது மோட்டார்ஹோம். வாடகைக் காரில் எதையும் இழுக்கப் பெரும்பாலும் அனுமதி தரமாட்டார்கள். இழுத்தால் வேக வரம்பும் 90 கி.மீ.; பின்னால் எடுப்பது தனி வித்தை. உங்களுக்கு அது வேண்டாம். இருவருக்கான கேம்பர்வேன், உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம், கழிவறையோடு கூடியது, இதுதான் உங்கள் அளவு. நான்கு பேர் வண்டி எடுத்தால் வசதி என்று தோன்றும். ஒற்றைவழிப் பாலங்களிலும் மலை வளைவுகளிலும் ஒவ்வொரு நாளும் அதற்கு விலை கொடுப்பீர்கள். படுக்கை விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். மேசையை இறக்கிப் பலகை போட்டு ராத்திரி படுக்கையாக்கும் வகை ஒன்று, எப்போதும் விரித்தபடியே இருக்கும் நிலைப்படுக்கை ஒன்று. முதல் வகையில் ஒருவர் தூங்கப் போனால் அடுத்தவர் உட்கார இடமில்லை. மூன்று வாரத்துக்கு நிலைப்படுக்கைதான். கையிலிருக்கும் பணம் ஒரு வசதிக்குத்தான் போதும் என்றால் அதை இதற்கே கொடுங்கள்.

டீசல் வண்டியாக இருந்தால், ஓடிய கிலோமீட்டருக்கு அரசு வசூலிக்கும் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் ஒன்று உண்டு. வாடகை நிறுவனம் கடைசியில் அதைக் கணக்கில் சேர்க்கும். காப்பீட்டில் விபத்து நேர்ந்தால் நம் கையிலிருந்து போகும் தொகை சில ஆயிரம் நியூசிலாந்து டாலர் இருக்கும். தினக்கட்டணம் கூடக் கொடுத்து அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இரண்டாம் பயணத்தில் புக்காக்கி ஏரிக்கரையில் படம் எடுக்க நிறுத்தினோம். வண்டியின் முதுகு காற்றைப் பார்த்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. அவர் ஓட்டுநர் கதவை இரண்டு விரல் அகலம்தான் திறந்திருப்பார். காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கம் முழுக்க மடக்கிவிட்டது. கீல் வளைந்து, அதன் பிறகு கதவு சரியாக மூடவே இல்லை. அன்று மாலை முழுக்க ஒரு பட்டறை வாசலில் கழிந்தது. வண்டியை எப்போதும் முகம் காற்றைப் பார்க்க நிறுத்துங்கள். கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். கான்டர்பரியிலும், புக்காக்கி ஏரி இருக்கும் மெக்கென்சி நிலத்திலும் இது எல்லா நாளும் பொருந்தும்.

ராத்திரி நிறுத்துவதில்தான் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2011இல் வந்த சட்டத்தை 2023இல் கடுமையாக்கிவிட்டார்கள். ஊராட்சிகளின் இடங்களில் இலவசமாகத் தங்க, பொதுவாக வண்டி தன்னிறைவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதற்குக் கழிவறை வண்டிக்குள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தூக்கி வைக்கும் கழிவறை இனிச் செல்லாது. முன்பு நீல ஒட்டி, இப்போது பச்சை. வாடகைக்கு எடுக்கும்போதே பச்சைச் சான்று இருக்கிறதா என்று கேட்டு, கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சான்று இருந்தாலும் தடை போட்ட இடம் தடை போட்ட இடம்தான். அபராதம் நூற்றுக்கணக்கான டாலர். கேம்பர்மேட் செயலியில் எந்த இடத்தில் அனுமதி என்று தெரியும். ஆனால் அங்கே நட்டிருக்கும் பலகை சொல்வதுதான் கடைசி வார்த்தை.

நாங்கள் கடைப்பிடிப்பது இப்படி: இரண்டு ராத்திரி டி.ஓ.சி. முகாம், ஒரு ராத்திரி ஹாலிடே பார்க். டி.ஓ.சி. என்பது அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை. அவர்களுடைய முகாம்கள் ஆற்றங்கரையிலும் மலையடியிலும் இருக்கும். ஒரு கழிவறை, ஒரு குழாய், சில இடங்களில் அதுவும் இல்லை. நாட்டிலேயே அழகான இடங்கள் இவர்களிடம்தான். ஹாலிடே பார்க்கில் மின்சாரம், வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் எந்திரம், பெரிய பொதுச் சமையலறை எல்லாம் உண்டு. மின்சாரத்தோடு இடம் இருவருக்கு ஏறத்தாழ 50 முதல் 80 டாலர். குயின்ஸ்டவுனில் கோடையில் இன்னும் ஏறும். மூன்றாம் நாள் அங்கே போய் பேட்டரியை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கழிவைக் காலி செய்து, தலைக்குக் குளித்துவிட்டு மறுபடியும் காட்டுக்குப் போகலாம்.

கழிவு என்றதும் முகத்தைத் திருப்ப வேண்டாம். வண்டியின் வெளிப்புறம் ஒரு சின்னக் கதவைத் திறந்தால் கழிவறைப் பெட்டி இழுப்பறைபோல வெளியே வரும். இரண்டு பேருக்கு இரண்டு நாள் தாங்கும். டம்ப் ஸ்டேஷன் என்று பலகை போட்ட இடத்தில் மட்டும்தான் அதைக் கொட்ட வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் தனித் தொட்டியில் சேர்கிறது, அதையும் அங்கேதான். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு நீர்நிலை முன்னோரைப் போன்றது. மனிதக் கழிவு அதன் பக்கத்தில்கூடப் போகக்கூடாது என்பதில் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. பயணிகள் மேல் அங்கே இருக்கும் கோபத்தில் பெரும்பங்கு இதனால் வந்தது. கையுறை போட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை.

வழிக்கு வருகிறேன். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து முதல் நாள் ஜெரால்டின், ஃபேர்லி வழியாக டெக்காப்போ ஏரிக்குப் போங்கள். 230 கி.மீ.க்குள்தான், ஆனால் விமானத்தில் வந்த அன்றே ஓட்ட வேண்டாம். டெக்காப்போவும், நாட்டிலேயே உயரமான அவோராக்கி (மவுண்ட் குக்) மலையைச் சுற்றிய பகுதியும் 2012இல் சர்வதேச இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை; தெருவிளக்குகள்கூடக் கீழ்நோக்கித்தான் எரியும். பிப்ரவரியில் முழு இருட்டு வர ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். விழித்திருங்கள். நமக்குத் தெரிந்த வேட்டைக்காரன் கூட்டம் அங்கே வடக்கு வானில் தலைகீழாகத் தொங்கும். அதற்குக் கீழே இடதுபக்கமாக நம் கார்த்திகைக் கூட்டம் இருக்கும். மாவோரிகள் அதை மத்தாரிக்கி என்கிறார்கள்; குளிர்காலத்தில் விடியலில் அது மறுபடி தோன்றும்போதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் நாடு முழுக்க அரசு விடுமுறை. ஆறு மீன்களை விரல் விட்டு எண்ணிய பாட்டியின் நினைவு வந்து என் கணவர் அன்று வெகுநேரம் பேசாமல் நின்றார். தெற்கே திரும்பினால் மெகல்லன் மேகங்கள் இரண்டும் துடைத்த பஞ்சுபோலத் தெரியும். நம் பக்கத்து வானத்தில் அவை அடிவானத்தை ஒட்டியே வருவதால் தெரிவது அபூர்வம்.

அடுத்து புக்காக்கி. அந்த ஏரியின் நிறத்தைப் படத்தில் பார்த்து, ஏதோ மெருகேற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. பனியாறு மலைப்பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு தண்ணீரில் படியாமல் மிதந்து வெயிலைச் சிதறடிப்பதால் வரும் நீலம் அது. ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வைத்துப் பாருங்கள், மெல்லிய அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். ஏரியின் ஓரமாகவே 80ஆம் எண் நெடுஞ்சாலை அவோராக்கி மலையடிக்குப் போகிறது. நெய் டாஹு குலத்து மாவோரிகளின் கதையில் அவோராக்கி வானத் தந்தையின் மகன். தம்பிகளோடு வந்த படகு கவிழ்ந்து, மேலேறி நின்றவர்கள் கல்லாகி மலைகளானார்கள். மூத்தவர் உயரமாக நிற்கிறார். படகுதான் இந்தத் தீவு. மலையின் உயரம் இப்போது 3,724 மீட்டர். 1991இல் உச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்ததில் ஏறத்தாழ பத்து மீட்டர் குறைந்தது; பிறகும் தேய்ந்துகொண்டே வந்தது.

மலையடியில் வைட் ஹார்ஸ் ஹில் டி.ஓ.சி. முகாம். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் இரண்டு ராத்திரி கட்டாயம் தங்க வேண்டிய ஒரே இடம் இதுதான். முன்பதிவு வேண்டுமா என்று டி.ஓ.சி. தளத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். படுத்தபின் மலையிலிருந்து இடி மாதிரி ஒரு சத்தம் வரும், சில நொடி உருளும், அடங்கும். பனிச்சரிவு. நீங்கள் இருக்கும் இடம் பத்திரமானது, பயப்பட வேண்டாம். ஆனால் முதல் தடவை கேட்கும்போது இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து உட்காருவீர்கள். முகாமிலிருந்தே ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை கிளம்புகிறது. தொங்குபாலங்களைக் கடந்து பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி வரை போய்வர பத்து கி.மீ., ஏற்றம் கிடையாது. பால வேலைக்காகச் சில சமயம் பாதையில் ஒரு பகுதியை மூடிவைப்பார்கள், டி.ஓ.சி. தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து வைடாகி ஆற்றின் அணைகளை ஒட்டி இறங்கி ஓமாருவுக்கு வந்தால் கிழக்குக் கடற்கரை. உலகின் மிகச் சிறிய பென்குவின்கள் அந்தி சாய்ந்ததும் கடலிலிருந்து கரையேறி வரும். தெற்கே மொயராக்கியில் உருண்டைப் பாறைகள், அதற்கும் தெற்கே கேட்லின்ஸ். கேட்லின்ஸில் கியூரியோ பே என்ற இடத்தில் ஏறத்தாழ 18 கோடி ஆண்டு பழைய காடு கல்லாகிக் கிடக்கிறது. அலை வற்றும் நேரம் பார்த்துப் போனால் அடிமரங்களின் வளையங்களைக்கூட எண்ணலாம். இந்தப் பகுதிதான் உங்கள் காத்திருப்பு அறை. மேற்கே மழை கொட்டினால் இங்கே ஒரு நாள் கூட இருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

தே ஆனாவ் ஊரில் டீசல், தண்ணீர், சாமான் எல்லாம் நிரப்பிக்கொண்டு மில்ஃபோர்ட் சாலையில் ஏறுங்கள். 120 கி.மீ., பெரும்பாலும் கைபேசி வேலை செய்யாது. காலையில் தே ஆனாவிலிருந்தும் குயின்ஸ்டவுனிலிருந்தும் பேருந்துகள் வரிசையாகக் கிளம்பும். முந்தின நாள் மாலையே எக்ளின்டன் பள்ளத்தாக்கிலுள்ள டி.ஓ.சி. முகாம் ஒன்றில் போய்ப் படுத்துவிட்டால், விடியற்காலையில் சாலை உங்களுடையது மட்டும். 1954இல் திறந்த ஹோமர் சுரங்கம் வழியில் வரும். ஒரு கி.மீ.க்கு மேல் நீளம், உள்ளே செதுக்கிய கரும்பாறை, மில்ஃபோர்ட் பக்கமாகச் செங்குத்தான இறக்கம். கீழ்க் கியரில் போங்கள், பிரேக்கை மிதித்தபடியே இறங்காதீர்கள். நெரிசல் நேரத்தில் விளக்கு வைத்து ஒவ்வொரு பக்கமாக விடுவார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது கியா வரும். பச்சை மலைக்கிளி, இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு. எங்கள் வண்டியின் மேல் தத்தித் தத்தி நடந்து வந்து, முன்கண்ணாடி வழியாக எங்களைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு, துடைப்பானின் ரப்பரைப் பட்டை பட்டையாக உரித்தது. அவ்வளவு அருகில் அதன் அலகைப் பார்த்தது மறக்காது. தின்பதற்கு எதுவும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர் உணவுக்குப் பழகி வண்டிகளிடம் வருவது அவற்றுக்கு ஆபத்து.

மில்ஃபோர்டில் மட்டும் என் மழை விதி தலைகீழ். சாலை திறந்திருக்கிறது என்றால் மழையிலேயே போங்கள். வெயில் நாளில் நிலையான அருவிகள் சிலதான் தெரியும். மழை வலுத்தால் பாறைச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் அருவிகள் பிறக்கும். மழை விட்ட சில மணி நேரத்தில் காணாமல் போகும். படகுப் பயணத்தில் மேல்தளத்தில் நின்றால் எது மழை எது அருவி என்று பிரிக்க முடியாது. சாண்ட்ஃப்ளை என்ற கடிக்கும் பூச்சிக்குத் தயாராக இருங்கள். இந்த அழகைப் பார்த்து மனிதர்கள் இங்கேயே தங்கிவிடுவார்களோ என்று அஞ்சிய மரணதேவதை ஹினே-நூய்-தே-போ இதை அவிழ்த்துவிட்டாள் என்பது மாவோரிகள் சொல்லும் கதை. இருட்டினால் கடிக்காது. காற்றில் பறக்கத் தெரியாது. நீளக்கை சட்டையும் பூச்சி விரட்டியும் போதும். வண்டிக் கதவை மட்டும் திறந்து வைக்காதீர்கள்.

குயின்ஸ்டவுனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கூட்டம், விலை, நிறுத்த இடமில்லை. ஒரு மதியம் போதும். அங்கிருந்து வானகாவுக்குக் குறுக்கே போகும் கிரவுன் ரேஞ்ச் சாலை 1,000 மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏறுகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். தடை இல்லாவிட்டாலும் கிராம்வெல் வழியே சுற்றிப் போங்கள், பழத்தோட்டக் கடைகளில் பீச்சும் பிளம்மும் கிடைக்கும். ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலைக்கு எந்த வாடகை நிறுவனமும் அனுமதி தராது.

வானகாவிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை. 1965இல்தான் இந்தச் சாலை முழுமையடைந்தது. வெளிர்ந்த புல்குன்றுகள் முடிந்து, கணவாயைத் தாண்டியதும் பாசி தொங்கும் காடு தொடங்கும். இந்த ஒரு மணி நேரத்தை மனைவியை ஓட்டவிட்டு நீங்கள் பாருங்கள், அல்லது மாற்றி. ஹாஸ்டிலிருந்து ஃபாக்ஸ் பனியாறு வரை 120 கி.மீ. ஆள் நடமாட்டம் குறைவு. மண் சரிந்து மூடினால் மாற்றுவழி பல நூறு கி.மீ. சுற்று. இங்கேதான் அந்த நான்கு நாள் உதவும்.

ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றின் மாவோரிப் பெயருக்கு ஹினே ஹுகதேரேயின் கண்ணீர் என்று பொருள். மலையேறுவதில் பிரியமுள்ளவள் அவள். காதலன் வாவேயையும் கூட்டிக்கொண்டு ஏறினாள். பனிச்சரிவு அவனைக் கொண்டுபோனது. அவள் அழுத கண்ணீர்தான் உறைந்து பனியாறானதாம். இன்று அது வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. நடந்துபோய்ப் பனியைத் தொடலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். பார்வையிடத்திலிருந்து தூரத்தில்தான் தெரியும். பனிமேல் கால் வைக்க ஹெலிகாப்டர்தான் வழி, விலை அதிகம், மேகம் இருந்தால் கிளம்பாது. நான் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, ஃபாக்ஸ் ஊருக்கு அருகிலுள்ள மேத்திசன் ஏரிக்கு விடிவதற்குமுன் போவேன். காட்டிலிருந்து ஊறும் சாறு கலந்து தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், அதனாலேயே கண்ணாடிபோல அவோராக்கியைக் காட்டும். காற்று எழும்பினால் போச்சு.

பிறகு ஹோகிடிகா, புனகைகியின் அடுக்குப் பாறைகள். கிழக்கே திரும்ப ஆர்தர்ஸ் பாஸ் செங்குத்து; லூயிஸ் பாஸ் சற்றுச் சாதுவானது, வழியில் ஹேன்மர் ஸ்பிரிங்ஸ் வெந்நீர்க் குளங்கள். கடைசி இரண்டு நாளைக் கைகூராவுக்கு வையுங்கள். கரையை ஒட்டியே கடல் ஆழமாக இறங்குவதால் எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஆண்டு முழுக்க அங்கே உண்டு. 2016 நவம்பர் 14 அன்று 7.8 அளவில் நிலம் நடுங்கி, கடற்தரையே மேலெழும்பிவிட்டது. நெடுஞ்சாலையைத் திறக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அன்று உயர்ந்த பாறைத்தட்டுகள் இன்றும் வெளுத்துத் தெரியும்.

ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். இடதுபக்கம்தான், பழக்கம் கைகொடுக்கும். செயலி காட்டும் நேரத்தோடு கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். டெக்காப்போ போகும் நாளைத் தவிர, ஒரு நாளுக்கு 200 கி.மீ.க்கு மேல் வேண்டாம். ஒற்றைவழிப் பாலத்தில் உங்கள் பக்கத்து அம்பு சிவப்பாகச் சின்னதாக இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். பின்னால் இரண்டு மூன்று வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி விடுங்கள். அங்கே வேலைக்குப் போகிறவர்களின் சாலையும் அதுதான். ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் உரிமம் செல்லும். உங்கள் மனைவியையும் ஓட்டுநராக ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். ஒருவரே ஓட்டினால் பத்தாம் நாள் களைப்பு வண்டிக்குள் பேச்சாக வெளியே வரும்.

சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோனால் விமான நிலையத்தில் எல்லாவற்றையும் அறிவித்துவிடுங்கள். பொடி, பருப்பு, ஊறுகாய், மருந்து, மண் ஒட்டிய காலணி, எதையும் விடாமல். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். தேன் உள்ளே விடவே மாட்டார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் இந்தியக் கடைகள் இருக்கின்றன, கவலை வேண்டாம்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. முடியும், ஆனால் தானாக நடக்காது. சண்டை வரும் நேரங்கள் மூன்று என்று எங்களுக்கு அனுபவம். ஒன்று, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது. கீழே நின்று வழிகாட்டுபவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கத்தக்கூடாது, கையசைவு மட்டும். இரண்டு கையையும் உயர்த்தினால் நில். வண்டி எடுத்த அன்றே காலி இடத்தில் நான்கு தடவை பழகுங்கள். இரண்டு, மழைநாளில் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நடமாடும்போது. ஒருவர் நகர்ந்தால் அடுத்தவர் உட்கார வேண்டும் என்பதைத் தவிர வேறு வழியில்லை. காலையில் நான் காப்பி போட்டு முடிக்கும்வரை அவர் படுக்கையைவிட்டு இறங்கமாட்டார். நான் குளித்துவிட்டு வரும்போது அவர் போர்வையை மடித்திருப்பார். மூன்று, கிளம்பும்போது. வெளிவேலை ஒருவருக்கு, உள்வேலை ஒருவருக்கு என்று பிரித்துவிடுங்கள். மின்கம்பியைக் கழற்றுவது, கேஸை மூடுவது, படியை உள்ளே தள்ளுவது வெளியே. கூரை சன்னல், அலமாரித் தாழ், அடுப்பு உள்ளே. அடுத்தவர் வேலையைச் சரிபார்க்கப் போகாதீர்கள். அதில்தான் வார்த்தை தடிக்கும்.

தாளிப்பதை மட்டும் ஹாலிடே பார்க் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் கடுகு வெடித்தால் புகை மணி அலறும், மெத்தையில் ஏறிய வாசனை மூன்று நாள் போகாது. பெட்டி வேண்டாம், மடிக்கிற துணிப்பை கொண்டுபோங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் காலிப் பெட்டியைத் தங்களிடமே வைத்துக்கொள்ள விடும். மடக்கு நாற்காலி இரண்டு வாங்காமல் கிளம்பவே வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் ஒருவர் நாற்காலியோடு ஆற்றங்கரைக்குப் போய்விட வேண்டும், மற்றவர் வண்டியில். எங்கே போகிறீர்கள், ஏன் என்று கேட்கக்கூடாது. இதை முதல் நாளே பேசி வைத்துக்கொண்டால் கோபித்துக்கொண்டு போனதாக யாரும் நினைக்கமாட்டார்கள்.

வண்டியின் உயரத்தை எழுதி முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டுங்கள். தேதி உறுதியானதும் வாடகை ஒப்பந்தத்தில் தடை செய்த சாலைகளின் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். அதை வைத்து, மழை வந்தால் எந்த ஊரில் நிற்பது என்று குறித்துத் தருகிறேன்.